உரிமம் எடுக்காத நாய்

அட்ராக்டா டர்கன் அந்த வியாழக்கிழமை நூலகத்தின் மாடிக்கு வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தாள். முன்னோரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு டப்பாவோடுதான் வருவார்கள். கோடைக்காலத்தில் பாஸ்டனிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் வருவார்கள். அட்ராக்டா வந்தது எட்டு மைல் தொலைவிலிருந்து.

பாலினா நகரத்து வாரப் பத்திரிகையில் முப்பத்தொரு வருடம் கோர்ட் செய்தி எழுதிவிட்டு ஓய்வு பெற்ற பிறகு, வியாழக்கிழமைகளில் மட்டும் நான் அந்த மாடியில் உட்கார்ந்து, பழைய பதிவேடுகளில் தேட வருகிறவர்களுக்கு உதவி செய்கிறேன். அட்ராக்டாவைப் பல வருடங்களாகத் தெரியும். எழுபத்து நாலு வயது. தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். வாயைத் திறந்தால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"வம்சாவளி வரைஞ்சு கண்ணாடி போட்டு மாட்டறதுக்கு நான் வரல, கோல்மன். எங்க அண்ணனை அடக்கம் பண்ண இடம் வேணும்."

"ஐயோ. மலாக்கி எப்ப தவறினாரு?"

"இன்னும் தவறல. நல்லாப் பேசிக்கிட்டுதான் இருக்காரு. டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாரு, அதுல ஒரு வாரம் போயாச்சு. நேத்து என்னைத் திட்டறாரு, 'நான் என் வேலையைச் சரியாப் பண்ணிட்டு வரேன், நீதான் இழுத்தடிக்கிற'ன்னு."

மலாக்கி டர்கனுக்கு எழுபத்தொன்பது வயது. பதினெட்டு வயதில் கப்பலேறி, கோவென்ட்ரியில் நாற்பத்தொரு வருடம் சாலையும் சாக்கடைக் குழாயும் போட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தனை வருடமும் வாடகை அறைகள்தான். கட்டில் ஒருவருடையது, மேசை ஒருவருடையது, சுவரில் மாட்டியிருந்த படம்கூட வேறு யாருடையதோ. திரும்பி வந்தபின் தங்கை வீட்டில் இருந்தார். இப்போது நகரத்து முதியோர் இல்லத்தில், ஜன்னல் பக்கத்துப் படுக்கையில்.

"ஊர்ப் புதுக் கல்லறைத் தோட்டத்துல இடம் இருக்கே," என்றேன்.

"அங்க போக மாட்டாராம். கில்ஃபீனன்தான் வேணுமாம். 'மத்தவங்க வீட்டுல படுத்தது போதும், எங்க ஆளுங்களோட படுக்கறேன்'ங்கறாரு. நானும் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்."

அவள் வாக்குக் கொடுத்தது எவ்வளவு கஷ்டமான விஷயம் என்று எனக்குத் தெரியும். கில்ஃபீனன் பழைய கல்லறைத் தோட்டம். கூரை போன ஒரு சிற்றாலயத்தைச் சுற்றி ஒரு ஏக்கர்கூட இல்லாத நிலம். புதிய கல்லறைகளுக்கு அதை மூடி நாற்பது வருடமாகிறது. ஏற்கெனவே அங்கே குடும்பக் கல்லறை உள்ளவர்கள் மட்டும், அதற்கு ஆதாரம் காட்டினால், அடக்கம் செய்யலாம். அல்லது அந்தக் கல்லறைக்கு உரியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்க ஆளுங்க அங்க இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

"அப்பா சொல்லுவாரு. ஹாலி மரத்தடியில மூணு கல்லு. 'நம்ம ஆளுங்க தோள்மேல ஊர்வலமாப் போனாங்க, ஊரே பின்னாடி போச்சு'ன்னு." டப்பாவை மேசைமேல் வைத்தாள். "ஒவ்வொரு ஜூலையும் கல்லறை மந்திரிக்கிற ஞாயித்துக்கிழமை எங்களைக் கூட்டிக்கிட்டுப் போவாரு. ஆனா உள்ள போக மாட்டாரு. சுவருக்கு வெளிய தொப்பியைக் கழட்டிட்டு நிப்பாரு. கேட்டா முட்டி வலி, படிக்கல்லு ஏற முடியாதும்பாரு. அதே முட்டியோட மறுநாள் சதுப்பு நிலத்துல அடுப்புக் கரி வெட்டப் போவாரு."

"வேற ஏதாவது கதை?"

"நாய்க்காரி கதை. அப்பாவோட பாட்டி. பேரு யாருக்கும் தெரியாது, எங்க வீட்டுல நாய்க்காரின்னுதான் சொல்லுவாங்க. நாய்க்கு உரிமம் எடுக்கலைன்னு போலீஸ்காரன் கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போனானாம். நீதிபதி 'இந்த நாய் உன்னோடதா'ன்னு கேட்டாராம். 'இல்லீங்க ஐயா, நான்தான் அதோடது'ன்னாளாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கோர்ட் என்ற சொல்லைக் குறித்துக்கொண்டேன்.

எங்கள் நாட்டில் ஏழைகளின் பெயர்கள் எங்கெல்லாம் எஞ்சியிருக்கின்றன என்று கேட்டால், தேவாலயத்துக்கு அடுத்தபடியாகக் கோர்ட்டில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்குகளில் பாதி டப்ளினில் 1922-இல் தீயில் போயின. மீதியில் பெரும்பகுதியை அதற்கு முன்பே அரசாங்கம் குப்பையாகக் கழித்துவிட்டது. சாமியார்கள் ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதினார்களே தவிர, அடக்கத்தை எழுதியவர்கள் அபூர்வம். மரணச் சான்றிதழ் எதனால் இறந்தார் என்று சொல்லும். எங்கே கிடக்கிறார் என்று சொல்லாது. ஆனால் நாய்க்கு உரிமம் எடுக்காதவன், விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவன், கழுதையைச் சாலையில் மேயவிட்டவன், குடித்துவிட்டு விழுந்து கிடந்தவன் எல்லாரும் பெயரோடும் ஊரோடும் தேதியோடும் அந்தச் சின்னக் கோர்ட்டுகளின் புத்தகங்களில் அப்படியே இருக்கிறார்கள். அவை எரியவில்லை.

இரண்டு வாரம் தேடினேன். அட்ராக்டாவின் கொள்ளுத் தாத்தா அந்தோணி டர்கன், கர்ராக்ரோ என்ற சிற்றூரில் ஆறு ஏக்கர் குத்தகைக்காரன், நில மதிப்பீட்டுப் பட்டியலில் கிடைத்தான். 1879-இல் அவன் பெயர் அடிக்கப்பட்டு மூத்த மகனின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அப்போதுதான் செத்திருக்க வேண்டும். மனைவியின் பெயர் எங்கும் இல்லை. பிள்ளைகள் பிறந்த காலத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் பன்னிரண்டு வருடப் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன. அந்த வருடங்களில் அரசாங்கம் பிறப்பைப் பதியத் தொடங்கியிருக்கவில்லை.

கோர்ட் புத்தகங்களில் டர்கன்கள் நிறைய இருந்தார்கள். குடி, கழுதை, குடி, அடிதடி, மறுபடி குடி. ஆனால் நாய் வைத்திருந்த டர்கன் ஒருத்திகூட இல்லை.

மூன்றாவது வியாழக்கிழமை அட்ராக்டா வந்தாள். முகம் சோர்ந்திருந்தது. மலாக்கி சாப்பிடுவது குறைந்துவிட்டதாம்.

"இன்னும் ஒரு புத்தகக் கட்டு டப்ளின்லேருந்து வரவழைக்கணும்," என்று படிவத்தை நீட்டினேன். "கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். அட்ராக்டா மனெலி என்றிருந்தது.

அது அவளுடைய சரியான பெயர்தான். பார்ட்லி மனெலியைக் கல்யாணம் செய்து முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தி, அவரைப் புதைத்தும் விட்டாள். வங்கியிலும் வாக்காளர் பட்டியலிலும் அவள் மனெலிதான். ஆனால் ஊரில் ஒருவரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் கடைசிவரை. அந்தக் காலத்தில் பேரோடு நிற்காது. செத்தால் பல பெண்களைப் பிறந்த வீட்டாரே தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கல்லறையில் வைப்பார்கள். புருஷன் ஒரு தோட்டத்தில், பெண்டாட்டி ஒரு தோட்டத்தில். என் அப்பாவின் அம்மா கிடப்பதும் அப்படித்தான். இதெல்லாம் தெரிந்தும் நான் இரண்டு வாரமாக டர்கன் என்ற பெயரில் ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கறீங்க? எழுத்து கோணலா?"

"இல்ல. நான்தான் கோணல். உக்காருங்க."

பெயரை விட்டுவிட்டு ஊரையும் நாயையும் மட்டும் வைத்துப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. 1887 மார்ச், கர்ராக்ரோவைச் சேர்ந்த ஓனோரா ரூவேன், விதவை; கறுப்புப் பெண் நாய் ஒன்று, உரிமம் இல்லை. அவள் நீதிபதியிடம் சொன்ன பதில் அதில் இல்லை. கோர்ட் குமாஸ்தாக்கள் அதையெல்லாம் எழுதுவதில்லை.

"ரூவேனா?" என்றாள் அட்ராக்டா. "ரூவேன் வீட்டுக்காரங்க எங்களோட பேசவே மாட்டாங்களே. பூசையில பாத்தா தலையாட்டுவாங்க, அவ்வளவுதான். ஏன்னு கேட்டா அப்பா 'அது அப்படித்தான்'ம்பாரு."

ரூவேன் என்ற பெயரை அந்தப் புத்தகங்களில் முன்பே ஒருமுறை பார்த்த ஞாபகம் எனக்கு. முதல் வாரமே டர்கன் பெயரில் வந்து, சம்பந்தமில்லாதது என்று நான் தாண்டிப்போன ஒரு வழக்கு அது. திரும்ப எடுத்தேன். 1896 நவம்பர். டர்கன் சகோதரர்கள் மூவர், ரூவேன்கள் இருவர். ஓனோரா ரூவேனின் சவ ஊர்வலத்தில், கில்ஃபீனன் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும் சாலையில், நாற்சந்தியில், ஒருவரையொருவர் தாக்கிப் பொது அமைதியைக் குலைத்தது. யாரோ ஒருத்தியின் சாவில் குடித்துவிட்டு ரகளை செய்திருக்கிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். அந்த மூவரும் அவளுடைய மகன்கள்.

அட்ராக்டா இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அப்ப, எங்க ஆளுங்க அவளை அவ புருஷன் பக்கத்துல வைக்கணும்னு நின்னிருக்காங்க. அவங்க ஆளுங்க கில்ஃபீனனுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்படித்தான் தெரியுது."

"அங்க டர்கன் யாருமே இல்ல."

"ஓனோரா இருக்கா."

"அவ ரூவேன்." டப்பாவை மூடினாள். "தோள்மேல ஊர்வலமாப் போனாங்கன்னு அப்பா சொன்னது சரிதான். யாரு தோள்னு மட்டும் சொல்லல."

கல்லறைத் தோட்டத்தை நிர்வகிக்கும் கவுன்சில் அலுவலகத்தில் இருந்த பெண் அந்த நகலை அக்கறையாகப் படித்துப் பார்த்தாள். உங்கள் குடும்பத்தில் ஒருவர் அங்கே இருப்பதற்கு இது ஆதாரம்தான், ஆனால் கல்லறை ரூவேன் குடும்பத்துடையது, அவர்கள் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றாள். ரூவேன்களில் ஊரில் மிச்சம் இருக்கும் பெரியவர் ஜார்லத்.

முதலில் மலாக்கியிடம் போனோம். தலையணைகளுக்கு நடுவே பாதியாக இளைத்திருந்தார். அட்ராக்டா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அப்ப நாம சண்டையில தோத்துட்டோம்," என்றார்.

"ஆமா அண்ணே."

"மூணு பேர் போயி ரெண்டு பேர்கிட்ட தோத்தோமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

அவர் சிரித்ததில் இருமல் வந்து, செவிலி எட்டிப் பார்த்தாள். இருமல் அடங்கியதும் சொன்னார்: "இருக்கட்டும். நான் ரூவேனாப் போயிட்டுப் போறேன். கோவென்ட்ரியில மேஸ்திரி என்னை ஏழு வருஷம் டூகன்னு கூப்பிட்டான். அவ ஒருத்தி இருக்கால்ல? நம்ம ரத்தம்தானே? போயி அந்த ஆளைக் கேளு." பிறகு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக: "மாட்டேன்னா கெஞ்சாதே. திரும்பி வந்துடு."

ஜார்லத் ரூவேனுக்கு எண்பத்தொரு வயது. நாங்கள் போனபோது வாசலில் எங்கள் மாவட்டமான மேயோவின் கால்பந்து அணிக்குரிய பச்சை சிவப்புக் கொடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மேயோ வழக்கம்போலத் தோற்றிருந்தது.

"கொடியை இறக்கலையா?" என்றேன்.

"அடுத்த வருஷத்துக்கு மறுபடி ஏணி போடணுமே," என்றார். அப்புறம்தான் என் பின்னால் நின்றவளைப் பார்த்தார். "இது யாரு?"

"அட்ராக்டா டர்கன்."

"தெரியுது. டர்கன் வீட்டுப் பொண்ணு எங்க வீட்டு வாசல்ல. எங்கப்பா பாத்திருந்தா நாயை அவுத்து விட்டிருப்பாரு." கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க. எங்கிட்ட நாய் இல்ல."

தேநீர் போட்டார். சோடா ரொட்டியை வெட்டி, வெண்ணெயை அரை விரல் தடிமனுக்குத் தடவி வைத்தார். அட்ராக்டா தொடவில்லை. படிவத்தை மேசையில் வைத்து, விஷயத்தை நேராகச் சொன்னாள். எத்தனை வாரம் என்பதையும் சொன்னாள்.

ஜார்லத் படிவத்தைப் பார்க்கவில்லை. "எங்க தாத்தாவைப் பாத்திருக்கியா நீ?"

"எப்படிப் பாத்திருப்பேன்?"

சுவரில் இருந்த ஒரு படத்தை எடுத்து வந்து காட்டினார். மீசை வைத்த ஆள், நாற்காலியில். இடது காதின் மேல்பாதி இல்லை.

"உங்க தாத்தா கடிச்சது. நாற்சந்தியில. அவரு அதுக்கப்புறம் நாப்பது வருஷம் தொப்பியை ஒரு பக்கமாச் சாய்ச்சுத்தான் போட்டாரு."

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்," என்றாள் அட்ராக்டா. சற்று நேரம் படத்தைப் பார்த்தாள். "அழகாத்தான் இருந்திருக்காரு. முக்கால்வாசி."

ஜார்லத் அவளை உற்றுப் பார்த்தார். வாயோரம் லேசாக அசைந்தது, சிரிக்கவில்லை.

"ஓனோராவை நாங்க திருடலை. அவளே கேட்டா. கடைசி மாசம் எங்க வீட்டுலதான் கிடந்தா, அவளோட தம்பி வீட்டுல. மகன்களுக்கு அது பொறுக்கல. சரி, அது அவங்க அம்மா. எனக்குப் புரியுது. எங்கப்பாவுக்குத்தான் புரியல." படத்தைக் கவிழ்த்து வைத்தார். "உங்கப்பா ஒவ்வொரு ஜூலையும் சுவருக்கு வெளிய நிப்பாரு. ஞாபகம் இருக்கா?"

"முட்டி வலி."

"முட்டியுமில்ல, மண்ணுமில்ல. ஒரு தடவை நல்ல மழை. சாமியார் தீர்த்தம் தெளிச்சுக்கிட்டே போறாரு, எல்லாரும் குடையோட உள்ள நிக்கறோம். இந்த ஆளு மட்டும் வெளிய, தொப்பி கையில, தலையிலேருந்து தண்ணி ஒழுகுது. பக்கத்துல ரெண்டு பிள்ளைங்க."

"நானும் அண்ணனும்."

"எனக்கு அப்ப பதினஞ்சு, பதினாறு இருக்கும். எங்கப்பாகிட்ட சொன்னேன், 'அவங்களையும் உள்ள கூப்பிடலாமே'ன்னு. 'கேக்கட்டும்'னாரு. உங்கப்பா கேக்கல. எங்கப்பா கூப்பிடல. நான் வாயை மூடிக்கிட்டேன்." தேநீரைக் கலக்கினார், சர்க்கரை போடாத தேநீர். "அன்னைக்கு நான் ரெண்டடி நடந்து போயிருக்கலாம்."

அடுப்பில் கரி சரிந்து விழுந்தது. அட்ராக்டா ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"பேனா இருக்கா?" என்றார் ஜார்லத். கொடுத்தேன். கையெழுத்துப் போடுமுன் நிறுத்தினார். "ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"நாற்சந்தி வரைக்கும் உங்க ஆளுங்க தூக்கிக்கிட்டு வரட்டும். அங்கேருந்து எங்க ஆளுங்க தூக்குவாங்க. போன தடவை மாதிரியே. ஆனா இந்தத் தடவை நீங்களாக் குடுக்கணும்."

"குடுத்துடறோம்," என்றாள் அவள்.

மலாக்கி அக்டோபர் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை காலையில் இறந்தார். ஜார்லத் கையெழுத்துப் போட்ட செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது; செவிலியிடம் பத்து நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். செவ்வாய்க்கிழமை அடக்கம். திங்கட்கிழமையில் புதிதாகக் குழி வெட்டத் தொடங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை; அதனால் ஜார்லத் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு மண்வெட்டியோடு போய், ஹாலி மரத்தடியில் முதல் புல்கட்டியைத் தானே பெயர்த்து வைத்தார்.

டர்கன் பக்கம் ஆட்கள் குறைவு. அட்ராக்டாவின் இரண்டு மகன்கள் டப்ளினிலிருந்து வந்திருந்தார்கள். நான் ஒரு தோள். மலாக்கியோடு கோவென்ட்ரியில் வேலை பார்த்த கிழவர் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர் இருவர். நாற்சந்தியில் ரூவேன்கள் காத்திருந்தார்கள். ஜார்லத்தின் மருமகன், பேரன்கள், எங்கிருந்தோ வரவழைத்த சிற்றப்பன் மக்கள். நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு நடந்ததை அங்கிருந்த எல்லாரும் இதற்குள் கேள்விப்பட்டிருந்தார்கள்.

நாங்கள் நின்றோம். ஜார்லத் முன்னால் வந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். தூக்கும் வயது அவருக்கு இல்லை.

"கடிக்கக் கூடாது," என்றார் தாழ்ந்த குரலில்.

முதலில் அட்ராக்டாவின் பெரிய மகன்தான் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே பெட்டி ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு நகர்ந்தது. என் தோளில் பாரம் குறைவதை உணர்ந்தேன். அதன் பிறகு நாங்கள் பின்னால் நடந்தோம்.

கில்ஃபீனனில் வாசல் கிடையாது. சுவரில் பதித்த படிக்கற்கள்தான். பெட்டியைச் சுவருக்கு மேலாக வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். எல்லாரும் ஏறி இறங்கினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அட்ராக்டா மட்டும் வெளியே நின்றுகொண்டிருந்தாள். படிக்கல்லிலிருந்து நாலைந்து எட்டு தள்ளி, புல் குறைவாக இருந்த ஓரிடத்தில். ஏறத் தெரியாமல் நின்றதாகத் தெரியவில்லை. அது அவள் எப்போதும் நின்ற இடம்.

ஜார்லத்தும் அதைப் பார்த்துவிட்டார். குழியருகிலிருந்து, கல்லறைகளுக்கு நடுவே, கம்பை ஊன்றிக்கொண்டு சுவர்வரை திரும்ப நடந்து வந்தார். அதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாமியார் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உள்ள வாம்மா," என்றார் ஜார்லத், சுவருக்கு மேலே கையை நீட்டி. "மழை வருது."